கசியும் பழைய ஏர் பிஸ்டலை வாங்கலாமா?

சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இது: ஒரு வருஷமாக க்ளப் துப்பாக்கியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறார். சொந்தமாக ஒன்று வாங்க 50 ஆயிரம் வரை புரட்ட முடியும். க்ளப்பில் ஒரு மூத்தவர் காற்று கசியும் தன் ரஷ்ய பைக்கால் 46எம் ஏர் பிஸ்டலை 40 ஆயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். "வாஷர் போயிருக்கு, மாத்தினா சரியாயிடும்" என்கிறாராம். இவர் சுட்டுப் பார்த்ததில் குண்டுகள் இலக்கு அட்டையில் கீழே இடது பக்கமாக 7, 8 வளையங்களில் விழுகின்றன. வாங்கலாமா, தானே பழுது பார்க்க முடியுமா, அல்லது பணம் சேர்த்து 0.22 பிஸ்டலுக்கு லைசென்ஸ் போடலாமா என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் அந்த விலைக்கு இல்லை. கசிவு எங்கே என்று தெரியாமலும் இல்லை. நானும் இதே மாடலைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். மூன்று முறை பிரித்து மூடியிருக்கிறேன், அதில் ஒருமுறை படுமோசமாக. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் 0.22-ஐ ஓரமாக வைத்துவிடலாம். அது நிஜமான தோட்டா வெடிக்கும் ஆயுதம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி லைசென்ஸ் வேண்டும். மாவட்டமென்றால் கலெக்டர் அலுவலகம், கமிஷனர் இருக்கும் நகரமென்றால் கமிஷனர் அலுவலகம், போலீஸ் விசாரணை, காத்திருப்பு, அதன்பிறகு தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்து மீட்பது என்று அது தனி வாழ்க்கை. அதைவிட முக்கியம், அந்தத் துப்பாக்கியை நீங்கள் வீட்டில் பிரித்துப் போட்டு ரிப்பேர் செய்ய முடியாது. ஆயுதம் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு லைசென்ஸ் கேட்கிறது. லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஏர் பிஸ்டல் கதை வேறு. 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. நீங்கள் சொல்லும் பைக்கால் அரை கிராம் குண்டை நொடிக்குச் சுமார் 140 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 5 ஜூல்கூட வராது. எல்லைக்கு வெகு தூரம். ஆனாலும் பழைய ரசீது, இறக்குமதிச் சீட்டு ஆகியவற்றின் நகலை மூத்தவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைமாறியதற்கு ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, க்ளப்பிலும் சொல்லிவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது துப்பாக்கிதான். பஸ்ஸில் பையைத் திறந்து காட்ட வேண்டி வந்தால் காகிதம்தான் பேசும்.

இப்போது அந்தத் துப்பாக்கியைப் பற்றி.

கலாஷ்னிகோவ் துப்பாக்கிகள் தயாராகும் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரத்தில்தான் இதுவும் பிறந்தது. அங்குள்ள மெக்கானிக்கல் ஆலையின் தயாரிப்பு, பைக்கால் என்பது விற்பனைப் பெயர். பழைய 46-ஐவிட 46எம்-இல் காற்றடைக்கும் சிலிண்டர் நீளம், அதனால் வேகமும் கூடுதல். எடை 1.3 கிலோ அளவில் வரும். போட்டி விதி அனுமதிப்பது 1.5 கிலோ. ஒரு காலத்தில் உலகம் முழுக்க ஏழை ஷூட்டரின் மேட்ச் பிஸ்டல் இதுதான். அந்த ஆலை கலாஷ்னிகோவ் குழுமத்துக்குள் போனது, 2014-இல் அமெரிக்கா அந்தக் குழுமத்தின் மேல் தடை போட்டது; அதன்பிறகு அங்கே புதிதாக வரவில்லை. பழையதற்கு மவுசு ஏறியதில் அதற்கும் பங்கு உண்டு. உங்கள் மூத்தவருக்கும் அந்தச் சேதி தெரிந்திருக்கிறது போலிருக்கிறது.

இதன் அருமை என்னவென்றால், உள்ளே ஒன்றுமே இல்லை. குழலுக்குக் கீழே ஒரு லீவர். அதை முன்னால் இழுத்து முழுக்கத் திறந்தால் பிஸ்டன் பின்வாங்கிக் காற்றை உள்ளே இழுக்கும், பின்பக்கம் குண்டு போடும் வாய் திறந்துகொள்ளும். குண்டை வைத்து வாயை மூடி, லீவரைத் திரும்ப மடித்தால் காற்று அமுங்கி ஒரு சின்ன அறையில் அடைபடும். விசையை அழுத்தினால் வால்வ் திறக்கும். அவ்வளவுதான். கேஸ் சிலிண்டர் கிடையாது, ஸ்கூபா டேங்க் கிடையாது, பெரிய ஸ்ப்ரிங் கிடையாது. சைக்கிள் பம்பை ஒரே ஒரு அடி அடித்து, அந்தக் காற்றை முழுக்கக் குண்டுக்குப் பின்னால் விடுவது போல. ஒவ்வொரு முறையும் அதே சிலிண்டர், அதே அளவு காற்று என்பதால் வேகம் மாறாது. பலன் மாறாது என்றால் தப்பு யார் மேல் என்பதும் தெளிவாகத் தெரியும்.

உங்கள் க்ளப் பையன்கள் "காசு சேர்த்து பி.சி.பி. வாங்குங்க" என்று கட்டாயம் சொல்லியிருப்பார்கள். முன்கூட்டியே காற்றை அழுத்தி அடைத்த குப்பியில் ஓடும் பிஸ்டல் அது. ஸ்டெயர், மொரினி, பார்டினி பிராண்டுகள் எல்லாம் நல்ல கருவிகள், மறுக்கவில்லை. லீவர் இழுக்க வேண்டாம், 60 குண்டு சுட்டாலும் கை சோராது. ஆனால் புதிது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தால் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் அந்தக் குப்பிக்குப் பத்து வருஷம்தான் ஆயுள். தேதி தாண்டினால் போட்டியில் விடமாட்டார்கள், விடக்கூடாது. புதுக் குப்பியின் விலையைக் கேட்டபிறகு "மலிவு" என்ற சொல் வாயில் வராது. இன்னொரு பக்கம், கடைகளில் குழலை மடக்கி ஸ்ப்ரிங் ஏற்றும் ஏர் பிஸ்டல்கள் சில ஆயிரங்களில் கிடைக்கும். தகர டப்பாவைச் சுட்டு விளையாட அவை போதும். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் முன்னே பாய்ந்து கையை உதறிவிடும். அதில் 10 மீட்டர் பழகினால் கெட்ட பழக்கம்தான் மிஞ்சும்.

சரி, உங்கள் குண்டு ஏன் கீழே இடதில் விழுகிறது? இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மூத்தவர் சொன்னது பாதி உண்மை.

வாஷர் கசிந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டு கீழே இறங்கும். எவ்வளவு? 140 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பில் ஏறக்குறைய 25 மி.மீ. இறங்கும். 120 மீட்டர் வேகமென்றால் 34 மி.மீ. வித்தியாசம் 9 மி.மீ. ஏர் பிஸ்டல் அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் 8 மி.மீ. ஆக, அவ்வளவு பெரிய கசிவுகூட உங்களை ஒரு வளையம்தான் கீழே இறக்கும், அதுவும் நேர் கீழே. கசிவு ஒரே சீராக இருந்தால் பின் குறியை, அதாவது குறிபார்க்கும் பின்பக்கத் தகட்டை, சில க்ளிக் ஏற்றினால் போயிற்று. கசிவு ஒரு குண்டுக்கு அதிகம், ஒரு குண்டுக்குக் குறைவு என்று இருந்தால் ஓட்டைகள் மேலும் கீழுமாக நூல் கோத்ததுபோல் நிற்கும். எப்படியிருந்தாலும் காற்றுக்கு இடது வலது தெரியாது.

வலது கைக்காரருக்குக் கீழே இடது என்றால் அது விரல். விசையை அழுத்தும் நேரத்தில் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன, மணிக்கட்டு லேசாகக் கவிழ்கிறது. க்ளப் துப்பாக்கியில் தெரியாதது இதில் தெரிவதற்குக் காரணம், பிடி உங்கள் கைக்குச் செதுக்கப்பட்டதில்லை. ஆக உங்கள் அட்டையில் கொஞ்சம் வாஷர், நிறைய விரல். மூத்தவரிடம் இதைச் சொல்லி விலை பேச வேண்டாம். ஆனால் வாஷர் மாற்றியதும் எல்லாம் பத்தில் விழும் என்று எதிர்பார்த்து ஏமாறவும் வேண்டாம்.

தப்பு விரலிலா துப்பாக்கியிலா என்று பிரித்துப் பார்ப்பதற்கு ஓர் ஞாயிற்றுக்கிழமை போதும். முதலில் துப்பாக்கியைக் கையிலிருந்து விலக்கிச் சோதியுங்கள். மேஜையில் மணல் மூட்டை ஒன்றை வைத்து அதன்மேல் பிடியை அமர்த்தி, நிதானமாக 5 குண்டு சுடுங்கள். ஆரோக்கியமான 46எம்-இல் அந்த ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கிழிந்த ஓட்டையாக, பத்து வளையத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அந்த வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அடங்கினால் குழல் நன்றாக இருக்கிறது, குறிகளும் ஆடவில்லை. மற்றதெல்லாம் ரப்பர் சமாச்சாரம். அடங்காமல் நாலு பக்கமும் சிதறினால் வேறு பெட்டிக் குண்டு போட்டுப் பாருங்கள். அதிலும் சிதறினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேய்ந்த குழலுக்கு நம் ஊரில் மருந்து இல்லை.

அடுத்து கசிவு எங்கே என்பது. கசியக்கூடிய இடம் மூன்றுதான், மூன்றும் மூன்று விதமாகப் பேசும்.

லீவரை மடிக்கும்போது கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும். கடைசிக் கால்வாசியில் நன்றாக அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கும். ஆரம்பத்திலிருந்தே பொசுக்கென்று மூடிக்கொண்டால் பிஸ்டன் வாஷர். எதிர்ப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் மூடிவிட்டு அரை நிமிஷம் காத்திருந்து சுட்டால் சத்தம் சோர்ந்து வருகிறது என்றால் வால்வ். குண்டை முதலில் உடனே சுடுங்கள், அடுத்ததை 30 நொடி கழித்துச் சுடுங்கள். மரப்பலகையில் படும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். க்ளப்பில் வேகம் அளக்கும் மானி இருந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, குண்டு போடும் வாயில் இருக்கும் ரப்பர் வளையம். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, அந்த வாயின் இடுக்கின்மேல் வைத்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் அங்கேதான் காற்று போகிறது. சுடும்போது கன்னத்தில் மெல்லிய காற்று படுவதாகச் சிலர் சொல்வார்களே, அதுவும் இதுதான்.

என் அனுபவத்தில் முதலில் போவது இந்த வாய் வளையம்தான். மாற்றுவது பத்து நிமிஷ வேலை. தையல் ஊசியால் பழையதை நெம்பி எடுத்து, வெர்னியரில் அளந்து, ஹைட்ராலிக் சீல் விற்கும் கடையில் ஓ-ரிங் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கோவையிலோ சேலத்திலோ அப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழையதை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நசுங்கிப்போன வளையத்தின் தடிமன் உண்மையான தடிமன் அல்ல. அது உட்காரும் பள்ளத்தையும் அளந்து, பள்ளத்தைவிட ஒரு நூல் வெளியே நிற்கும் அளவில் வாங்குங்கள். நைட்ரைல் ரப்பரே போதும். ஒன்றுக்குப் பதில் பத்து வாங்கிப் போடுங்கள், டீச்செலவுதான்.

பிஸ்டன் வாஷர்தான் நாள் பிடிக்கும். துப்பாக்கி காலியா என்று மறுபடி பாருங்கள். லீவரும் வாயும் திறந்த நிலையில் குழலுக்குள் ஒரு நைலான் நூலை விட்டு அந்தப் பக்கம் எடுத்த பிறகே ஆணியைத் தட்டத் தொடங்குங்கள். 5 ஜூல் சின்ன எண்தான், ஆனால் கண்ணுக்குப் போதும். குத்தாணிகளை பித்தளைக் குச்சியால் தட்டுங்கள், எந்தப் பக்கமிருந்து தட்டினீர்கள் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் உருப்படியும் கழன்ற வரிசையில் வெள்ளைத் துண்டின்மேல் இடமிருந்து வலமாக. நியூஸ் பேப்பரில் வேண்டாம். முதன்முறை நான் அப்படித்தான் செய்தேன். ஒரு குட்டி ஸ்ப்ரிங் பறந்து போனது. டார்ச் அடித்துத் தேடிக் கிடைக்காமல் துப்பாக்கியையே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிப் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் வீட்டில் பெருக்கும்போது பீரோவுக்கு அடியிலிருந்து வந்தது. "இது உங்களோடதா, மிக்ஸியோடதா?" என்று மனைவி கேட்டாள்.

பிஸ்டன் தலையில் இருப்பது கிண்ணம் போன்ற ரப்பர். சைக்கிள் பம்பில் தோல் வாஷர் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். கிண்ணத்தின் குழிந்த பக்கம் காற்று அமுங்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற விளிம்பு விரிந்து சுவரை இறுகப் பிடிக்கும். திருப்பிப் போட்டால் சுத்தமாகப் பிடிக்காது. சிரிக்காதீர்கள், நான் போட்டிருக்கிறேன். இரண்டாவது தவறு அதைவிட நயமானது. புது வாஷரை உள்ளே தள்ளும்போது சிலிண்டரின் பக்கவாட்டில் உள்ள வெட்டின் கூர் விளிம்பு வாஷரின் உதட்டைச் சீவிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, மூடிச் சுட்டால் பழைய கதைதான். அடுத்த முறை தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கை வெட்டிக் குழலாகச் சுருட்டி உள்ளே வைத்து, அதன்மேல் வாஷரை வழுக்கிவிட்டு, வெட்டைத் தாண்டியதும் பிளாஸ்டிக்கை உருவினேன். வழவழவென்று போய் உட்கார்ந்தது.

அசல் வாஷர் கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் பழையதை மாதிரியாகக் கொண்டுபோய் லேத் பட்டறையில் பாலியூரித்தேன் கம்பியிலிருந்து கடைந்து வாங்கலாம். எனக்குச் செய்து கொடுத்தவர் வாழ்நாள் முழுக்க மோட்டார் பம்ப் பாகம் கடைந்தவர். பழைய வாஷரை விரலில் அமுக்கிப் பார்த்து, "இதோட உதடு இவ்வளவு தடிமனா இருக்கக்கூடாது சார், காத்துக்கு வளையாது" என்று தானாகவே மெலிதாக்கிக் கொடுத்தார். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. வால்வ் பகுதியை மட்டும் முதல்முறையே தொடாதீர்கள். அது கசிந்தால் முக்கால்வாசி நேரம் உள்ளே துரும்பு சிக்கியிருக்கும். பத்துப் பதினைந்து முறை குண்டில்லாமல் காற்றை மட்டும் அடித்து விட்டாலே ஊதித் தள்ளிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஆட்கள் தாராளமானவர்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கையில் கிடைத்த ஸ்ப்ரே எல்லாம் உள்ளே போயிருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் பிஸ்டன் நெய்யில் நிற்கும். நாளானால் சிக்கு வேறு. பெட்ரோலிய எண்ணெய்கள் சில ரப்பரை ஊதவைக்கும். சீல்களுக்கு சிலிகான் எண்ணெய் இரண்டு சொட்டு, இரும்பு மூட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். பழைய அழுக்கு எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், அதன் மேலேயே போடாதீர்கள். அதிக நாள் கிடந்த துப்பாக்கியென்றால் சுடுவதற்கு முன் லீவரைப் பாதி தூரம் நாலைந்து முறை இழுத்து விட்டு வாஷரை எழுப்புங்கள். சில சமயம் "வாஷர் போயிடுச்சு" என்று விற்ற துப்பாக்கிக்கு இந்த இரண்டு சொட்டுதான் மொத்த ரிப்பேர். அதனால் வாங்குவதற்கு முன் இதை மூத்தவர் முன்னாலேயே செய்து பார்க்க வேண்டாம், விலை ஏறிவிடும்.

விசை. இங்கே கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டல் விசைக்குக் குறைந்தது 500 கிராம் எடை இருக்க வேண்டும். குழலை வானம் பார்க்கச் செங்குத்தாக நிறுத்தி, 500 கிராம் எடையை விசையில் தொங்கவிட்டுத் தூக்கினால் சுடக்கூடாது. அதற்கென்று எடைக்கல் வாங்க வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கம்பியைக் கட்டி, தபால் தராசிலோ சமையலறைத் தராசிலோ எல்லாம் சேர்த்து 510 கிராம் வரும்படி தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். 46எம்-இல் விசையின் தூரம், எடை, நிலை எல்லாவற்றுக்கும் திருகாணி இருக்கிறது. கால் திருப்பு திருப்பி ஒரு நாள் சுட்டுப் பார்த்து அடுத்த கால் திருப்பு. உள்ளே உள்ள கொக்கிகளை அரத்தால் ராவுவது, ஸ்ப்ரிங்கை வெட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். மெல்லத் தட்டினாலே சுட்டுவிடும் துப்பாக்கியை அப்படித்தான் உருவாக்குகிறார்கள்.

பிடியில் மட்டும் தாராளமாகக் கைவையுங்கள். உங்கள் கீழ்-இடதுக்குப் பாதி மருந்து அங்கேதான். ரஷ்யப் பிடி பெரிய கைக்குச் செதுக்கியது. நம் கைக்கு உள்ளங்கைப் பள்ளத்தில் காலியிடம் விழும், அதை நிரப்ப விரல்கள் தாமாகவே இறுகும். கை எங்கே தொடவில்லை என்று பார்க்க, உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தடவிப் பிடித்துப் பாருங்கள். பொடி ஒட்டாத இடத்தில் தச்சர்கள் பூசும் மரப் பட்டியையோ எம்-சீலையோ உருட்டி அப்பி, மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு சுடும் நிலையில் இறுக்கமில்லாமல் பிடியுங்கள். காய்ந்ததும் உப்புத்தாள். ஒரே நாளில் முடிக்காமல் வாரத்துக்குக் கொஞ்சம். என் பிடி இப்போது பார்க்க அசிங்கமாக, வெள்ளைத் திட்டு வந்தமாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் முன் குறி பின் குறியின் நடுவில் வந்து நிற்கும். பிடி கையைச் சுற்றி வளைக்கக்கூடாது, மணிக்கட்டைத் தாங்கக்கூடாது என்று விதி உண்டு, அதை மட்டும் மீறாதீர்கள்.

இந்தத் துப்பாக்கியில் இன்னொரு வசதி: லீவரை இழுக்காமல் பின்வாயை மட்டும் தூக்கி மூடினால் விசை மட்டும் ஏறும். குண்டும் வேண்டாம், காற்றும் வேண்டாம். சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, தினமும் கால் மணிநேரம் வெறும் விசையை அழுத்திப் பழகுங்கள். விசை விழும் நொடியில் முன் குறி இடது கீழாக ஒரு துள்ளு துள்ளுவதை நீங்களே பார்ப்பீர்கள். அது நின்றால் அட்டையும் சரியாகும்.

பராமரிப்பு அதிகமில்லை. தட்டை மூக்குக் குண்டு மட்டும் போடுங்கள், அட்டையில் ஓட்டை சுத்தமாக விழும். குழலை நைலான் நூலில் துணித்துண்டு கட்டிப் பின்பக்கமிருந்து இழுத்துத் துடைத்தால் போதும், ஐநூறு குண்டுக்கு ஒருமுறை. இரும்புக் கம்பியை விடாதீர்கள். வியர்வைக் கை பட்ட இரும்பு இரண்டே நாளில் சிவப்பு பூக்கும், ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். பஞ்சு மெத்தை வைத்த அழகான பெட்டி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளியே எடுத்து அலமாரியில் பூட்டி வையுங்கள். காற்று அடைத்த நிலையில் ஒருபோதும் வைக்காதீர்கள். லீவரைப் பாதி மடித்த நிலையில் கை நழுவினால் அது திரும்பி வந்து விரலில் அடிக்கும், என் சுட்டுவிரல் நகம் ஒரு மாதம் கறுத்திருந்தது. குண்டு ஈயம், எனவே சுட்ட கையோடு பஜ்ஜியை எடுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மொட்டை மாடியில் சுடுவது கிடையாது, க்ளப்பில் மட்டும்.

விலைக்கு வருவோம். கசியும் நிலையில் 40 அதிகம். மணல் மூட்டைச் சோதனையில் ஓட்டைகள் அடங்கினால் 30-இல் தொடங்குங்கள். சீல்கள் மாற்றும் செலவு, பட்டறைக் கூலி, நல்ல குண்டு நாலைந்து பெட்டி எல்லாம் சேர்த்தாலும் உங்கள் 50-க்குள் மிச்சம் வரும். அந்த மிச்சத்தில் சுடும் கண்ணாடியோ ஷூவோ வாங்காதீர்கள், குண்டாகவே வாங்குங்கள்.

"சொந்தமாக ரிப்பேர் தெரிய வேண்டிய அவசியமென்ன, கடையில் கொடுத்தால் ஆயிற்று" என்று நினைக்கலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கருடைய பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் கடிகாரம் ஓடிவிட்டது. 575 எடுத்து, இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றை விட்டார். மூன்று வருஷம் கழித்து பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம். அவ்வளவு பெரிய மேடையில் அவ்வளவு விலையுள்ள கருவிக்கே அந்த நிலை. உங்களுக்கு மாவட்டப் போட்டியில் வாய் வளையம் பிய்ந்தால், சட்டைப்பையில் ஓர் ஓ-ரிங்கும் தையல் ஊசியும் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் மறுபடி வரிசையில் நிற்பீர்கள்.

மூத்தவரிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுப் பாருங்கள். டிஷ்யூ பேப்பரை நீங்களே எடுத்துப் போங்கள்.